அக்காவின் இடது கைக்கு ஒரு பெட்டி

பரதநாட்டிய வகுப்பில் வர்ணம் என்ற நீண்ட உருப்படியைச் சொல்லித்தரும் நாளில் அக்கா எத்தனை முறை எழுந்து உட்காருகிறாள் என்று ஒரு சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். 5 மணியிலிருந்து 6:30 வரை 43 முறை. முன்னால் தாளம் தட்டும் தட்டுமனை, வலது கையில் தட்டுக்கழி. வர்ணத்தின் ஒரு பகுதியான முக்தாயி ஸ்வரத்தில் பிள்ளைகள் ஓர் இடத்தில் தடுமாறினால் கழியைக் கீழே வைப்பாள், முட்டியில் கை ஊன்றி எழுவாள், சுவர் அலமாரியில் இருக்கும் லேப்டாப்புக்குப் போய் மவுஸை வைத்து, பாட்டு எங்கே ஓடுகிறது என்று காட்டும் கோட்டைப் பின்னால் இழுப்பாள். ‘இல்ல, இன்னும் கொஞ்சம் முன்னாடி.’ மறுபடி இழுப்பு. பாட்டு ஓட ஆரம்பித்ததும் ஓடிவந்து உட்கார்ந்தால், அந்த இடம் தாண்டியிருக்கும்.

எங்கள் வீடு கும்பகோணத்தில். மாடியில் நாட்டிய வகுப்பு. தினசரிப் பயிற்சிக்குப் பாட்டுக்காரரையும் மிருதங்கக்காரரையும் கூப்பிட யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு தடவை ஆள் வைத்துப் பதிவு செய்துகொண்டு அதை வைத்துத்தான் மாதக்கணக்கில் ஓட்டுகிறோம். ஆதி தாளத்தில் ஒரு பத வர்ணம், 34 நிமிடம், ஒரே கோப்பு. ‘டேய், முட்டி போகுதுடா, ஏதாவது பண்ணு’ என்றாள்.

முதலில் செய்தது சோம்பேறித்தனமான வேலை. பழைய யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று கிடந்தது. அதன் எண்களைப் பாட்டு மென்பொருளின் குறுக்குவிசைகளாக அமைத்து நீளமான ஒயரில் அக்கா பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் லேப்டாப்பில் வாட்ஸ்அப் சன்னல் முன்னால் திறந்திருந்தது. நம்பர் பேடும் ஒரு கீபோர்டுதான். எந்தச் சன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்குள் போய் விழும். பாட்டு அசையவில்லை என்று அக்கா மீண்டும் மீண்டும் அமுக்க, பெற்றோர் குழுவுக்கு ‘3333133’ என்று ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது. எத்தனை மணிக்கு வகுப்பு என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

நானே ஒரு பட்டன் பெட்டி செய்து, அதைச் சீரியல் இணைப்பில் மாட்டலாம் என்று போனதற்கு இதுதான் காரணம். சீரியல் போர்ட்டில் வருவது தட்டச்சு ஆகாது. அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் நிரலுக்கு மட்டும்தான் அது போகும். முன்னால் வாட்ஸ்அப் இருந்தால் என்ன, திரை பூட்டியிருந்தால் என்ன, பாட்டு சொன்னபடி கேட்கும். எந்தச் சன்னல் முன்னால் இருந்தாலும் வேலை செய்யும் குளோபல் ஹாட்கீ என்று ஒன்று இருப்பது தெரியும். எண் விசைகளை அப்படிப் பிடித்து வைத்தால் அக்கா கணக்கு எழுதும்போது பாட்டு ஓட ஆரம்பிக்கும்.

பட்டனுக்கு எங்கெங்கோ தேடினேன். ஆர்கேட் விளையாட்டுப் பட்டன்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன, பார்க்கவும் அழகு. ஆனால் அதற்கேற்ற டப்பா, வட்டமாக ஓட்டை போடும் கருவி எல்லாம் வேண்டும். கடைசியில் பதில் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையிலேயே இருந்தது: காலிங்பெல் ஸ்விட்ச். மாடுலர் வகையில் பெல் புஷ் ஒரு மாட்யூல் அகலம். 8 மாட்யூல் பிளேட்டில் எட்டைச் சொருகினால் வரிசையாக எட்டுப் பட்டன். பின்னால் மாட்டச் சுவருக்கு வெளியே வைக்கும் பிவிசி பெட்டியும் அங்கேயே கிடைக்கும். உள்ளங்கையால் அறைந்தாலும் தாங்கும். எல்லாவற்றிலும் மணி படம் அச்சிட்டிருக்கும், அதுதான் ஒரு குறை. அக்கா வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரால் தி, ப, அ, மு, எ, ச என்று எழுதிவிட்டாள். வர்ணத்தின் பகுதிகள்தான் இவை: திரிகாலத் தீர்மானம், பல்லவி, அனுபல்லவி, முக்தாயி, எத்துக்கடை, சரண ஸ்வரம். ஏழாவது ‘நில்’, எட்டாவது ‘குறி’.

உள்ளே ஒரு ஆர்டுயினோ நானோ, நிரல் ஏற்றி இயக்கும் சின்னச் சர்க்யூட் போர்டு, விலை குறைந்த குளோன் வகை. எல்லாப் பெல் புஷ்ஷுக்கும் ஒரு முனை பொதுவாகக் கிரவுண்டுக்கு. மறுமுனை ஒவ்வொன்றும் போர்டில் 2 முதல் 9 வரை எண்ணிட்ட பின்களுக்கு (இணைப்பு முனைகளுக்கு). 0, 1 இரண்டையும் தொடக்கூடாது, சீரியல் அவற்றில்தான் போகிறது. பட்டனை அமுக்காதபோது பின்னை 5 வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டருக்குப் புல்-அப் என்று பெயர்; சிப்புக்குள்ளேயே இருக்கும் அதை நிரலில் இயக்கிவிட்டால் வெளியே ரெசிஸ்டரே தேவையில்லை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நானும் நம்பினேன். அந்தக் கதை கீழே வருகிறது.

பெட்டிக்குப் பாட்டு தெரியவேண்டாம் என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. பட்டனை அமுக்கினால் ‘+3’, விட்டால் ‘-3’, அதோடு வரி முடிவு, அவ்வளவுதான் அனுப்பும். 115200 பாட், அதாவது நொடிக்கு அத்தனை பிட், வேகத்தில் மூன்று எழுத்துக்கு 30 பிட், கால் மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். என்ன பாட்டு, எந்த நொடி என்பதெல்லாம் லேப்டாப்பில் ஓடும் பைத்தான் நிரலின் பாடு. இல்லாவிட்டால் அக்கா ஒவ்வொரு தடவை மனசு மாறும்போதும் பெட்டியைக் கழற்றி நிரல் ஏற்ற வேண்டியிருக்கும். அவள் மனசு வாரம் இரண்டு தடவை மாறும்.

ஸ்விட்ச் துள்ளலுக்குச் செய்தது எளிது. உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லிசெகண்ட் தொட்டுத் தொட்டு விலகும், ஒரு அமுக்கல் ஐந்தாகத் தெரியும். முதல் தொடுகையை உடனே ஏற்றுக்கொண்டு, அந்தப் பட்டனுக்கு மட்டும் அடுத்த 40 மில்லிசெகண்ட் காதை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

பெட்டியைச் செருகியதும் லினக்ஸில் முதல் முட்டுக்கட்டை. உபுண்டு 22.04. யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் நானோவின் சிஎச்340 சிப்பைக் கணினி கண்டுகொள்கிறது, டிடிஒய்-யுஎஸ்பி-0 என்று ஒரு போர்ட் தோன்றுகிறது, அடுத்த நொடி மறைந்துவிடுகிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், நானோவையே சந்தேகப்பட்டேன். லினக்ஸ் உள்ளே நடப்பதைக் குறித்து வைக்கும் கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தால் இடையில் பிஆர்எல்டிடிஒய் என்று ஒரு பெயர். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெயில் கருவிகளுக்கான மென்பொருள் அது. சிஎச்340-இன் அடையாள எண் 1ஏ86:7523. இதே எண்ணோடு ஒரு பிரெயில் கருவியும் சந்தையில் இருக்கிறது. அதனால் நம் காலிங்பெல் பெட்டியைப் பிரெயில் கருவி என்று நினைத்து அந்த மென்பொருள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இந்த லேப்டாப்பில் அதற்கு வேலையில்லை என்பதால் நீக்கிவிட்டேன். பிறகு என் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்ததும் போர்ட் நிலையாக நின்றது.

பாட்டை ஓட்டுவது எம்பிவி. படம் பார்க்கும் மென்பொருள் என்று நினைப்பார்கள், ஒலிக்கும் நல்ல கை. ‘இன்புட்-ஐபிசி-சர்வர்’ என்ற அமைப்போடு துவக்கினால் வேறு நிரல்கள் பேச ஒரு சாக்கெட் திறந்து வைத்துக்கொண்டு, ஜேசன் என்ற எழுத்து வடிவில் வரிவரியாகக் கட்டளை வாங்கும். இந்த நொடிக்குப் போ, நிறுத்து, வேகம் இவ்வளவு. பதிலும் வரிவரியாகத் தரும், இப்போது பாட்டு எத்தனையாவது நொடியில் என்பது உட்பட. இது என்னிடம் வந்து சேர்ந்ததே வேகத்துக்காகத்தான்: 0.8-க்குக் குறைத்தாலும் சுருதி இறங்காது. புதுப் பிள்ளைகளுக்கு ஜதி கற்றுத்தரும்போது அக்காவுக்கு இது கண்கண்ட தெய்வம். ‘குறி’யை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ‘நில்’லைத் தட்டினால் 1, 0.9, 0.8 என்று வேகம் சுற்றி வரும்.

போர்ட்டைத் திறந்தவுடன் ஆர்டுயினோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். டிடிஆர் என்ற கோடு ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னைத் தட்டுவதால் வருவது. நிரல் ஏற்ற வசதியாக வைத்த ஏற்பாடு. ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் போட்டால் தட்டல் அமுங்கிவிடும் என்பார்கள். நான் போடவில்லை. ஒன்றிரண்டு நொடி கழித்து நானோ எழுந்ததும் ஒரு வணக்க வரி அனுப்புகிறது, அது வந்தவுடன் ஸ்பீக்கரில் தட்டுக்கழி ஒரு தட்டுத் தட்டுகிறது. ‘டொக்.’ பெட்டி தயார் என்று அக்காவுக்கு அடையாளம். திரையைப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து இடங்களைக் குறிக்கும் வேலை. பாட்டு ஓடும்போது ‘குறி’யை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ‘மு’வைத் தட்டினால் அந்த நொடி ‘மு’வுக்குச் சொந்தம். முதலில் நீள அமுக்கல், குறு அமுக்கல் என்று வைத்திருந்தேன், அது உதவாது. அமுக்கிய விரலை எடுக்கும்வரை அது எந்த வகை என்று நிரலுக்குத் தெரியாது, ஆகவே பாட்டு விரலை எடுத்த பிறகுதான் குதிக்கும். ‘அமுக்கினா வரல, விட்டாத்தான் வருது’ என்று அக்கா ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தாள். தாளத்தில் வாழ்கிறவர்களை 200 மில்லிசெகண்டில் ஏமாற்ற முடியாது. புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றி ஆக்ஸ் ஒயர் போட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

குறித்த இடம் ஒவ்வொரு முறையும் அதே இடமாக வரவில்லை. பல்லவி சரியாக வரும். சரண ஸ்வரத்துக்குப் போனால் ஒரு தடவை எடுப்புக்கு முன்னால், ஒரு தடவை பின்னால். ரெக்கார்டிங்காரர் தந்தது மாறும் பிட்ரேட் எம்பி3. அந்த வகைக் கோப்பில் நேரத்துக்கும் கோப்பின் நீளத்துக்கும் நேர் விகிதம் கிடையாது. தலைப்பில் இருக்கும் எக்ஸிங் அட்டவணை 100 இடங்களைத்தான் காட்டும். 34 நிமிடப் பாட்டுக்கு இருபது நொடிக்கு ஒரு மைல்கல். நடுவே எல்லாம் உத்தேசம். கோப்பு வகைகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் போட்டு வேவ் கோப்பாக மாற்றினேன். வேவில் ஒரு நொடி என்பது 1,76,400 பைட், முதலிலிருந்து கடைசி வரை மாறாது. எந்த நொடிக்கும் பெருக்கல் போட்டு நேராகப் போகலாம். கோப்பு 360 எம்பி ஆனது. ஆகட்டும்.

இப்போது துல்லியம் வந்துவிட்டது. குறிக்கும்போது விரல் தாமதிப்பதையும் விடக்கூடாது என்று 0.25 நொடியைக் கழித்தேன். ‘மு’வைத் தட்டினால் முக்தாயி ஸ்வரத்தின் முதல் எழுத்து கத்தி வைத்தாற்போல் விழுகிறது. பெருமையோடு காட்டினேன்.

அக்கா இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு தடவையும் கோட்டைவிட்டார்கள்.

‘ஏண்டா, அரைமண்டி போட்டு நிக்க வேணாமா? தாளம் காதுல விழ வேணாமா? ஒரு ஆவர்த்தனம் முன்னாடியிலேருந்து விடு.’

மூன்று ராத்திரி மில்லிசெகண்டைத் துரத்தியவனுக்கு இது கொஞ்சம் வலித்தது. ஆனால் சொன்னது நியாயம். பாட்டுக் கச்சேரியிலேயே இடம் வருவதற்கு முன்னால் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்; சும்மா நிற்கிற பிள்ளையிடம் திடீரென்று சமத்தை, அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தை, நீட்டினால் எப்படிப் பிடிப்பாள்? ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஆவர்த்தனத்தின், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றின், நீளத்தை எழுதி வைக்க ஒரு வரி சேர்த்தேன். இந்த வர்ணத்தில் எட்டு அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) 7.2 நொடி. பட்டனைத் தட்டினால் குறித்த இடத்துக்கு 7.2 நொடி முன்னால் போகும். வேகத்தை 0.8 ஆக்கினாலும் இந்த எண்ணைத் தொட வேண்டாம். பாட்டின் கடிகாரத்தில் கழிப்பதால் ஆவர்த்தனமும் சேர்ந்து நீண்டு 9 நொடி ஓடும். பதிவில் காலப்பிரமாணம் ஆங்காங்கே லேசாக ஏறி இறங்குகிறது என்பதால் எல்லா இடத்திலும் சமத்திலேயே விழாது. யாரும் புகார் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ‘ச’ படுத்த ஆரம்பித்தது. ஐந்தில் ஒரு தடவை வேலை செய்யாது, அழுத்தி நசுக்கினால் செய்யும். பிறகு ‘எ’. அதிகம் அடிபடுகிற பட்டன்தானே தேய வேண்டும்? ‘ப’வும் ‘மு’வும் நாள் முழுக்க அறை வாங்குகின்றன, அவை கல் மாதிரி. குறைவாகத் தொடுகிற இரண்டுதான் சீக்கு.

பிளேட்டைக் கழற்றி, ஒயரைப் பிரித்து, மல்டிமீட்டரை ‘ச’வின் இரு முனையில் வைத்து அமுக்கினேன். ஓர் ஓமுக்கும் கீழே. மறுபடி, அதேதான். மூன்றாவதும் சரி. நான்காவது தடவை 18 கிலோ ஓம். விரலை எடுக்காமல் லேசாக அசைத்தால் 6 கிலோ ஓமுக்கு வந்து, சடாரென்று சுழியம்.

இந்த ஸ்விட்ச் செய்யப்பட்டது 230 வோல்ட், 6 ஆம்பியருக்கு. தொடுமுனை வெள்ளிக் கலவை. காற்றுப்பட்டு அதன் மேல் மெல்லிய கறுப்புப் படலம் படியும். வீட்டு மின்சாரம் ஓடினால் ஒவ்வொரு தடவையும் அந்தப் படலத்தைப் பொசுக்கிக்கொண்டு போய்விடும். நான் ஓட்டியது என்ன? சிப்புக்குள் இருக்கும் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம். 5 வோல்ட்டில் கணக்குப் போட்டால் கால் மில்லி ஆம்பியர்கூட வராது. அதிகம் அடிபடும் பட்டனில் உரசலே படலத்தைத் தேய்த்துவிடுகிறது. ‘ச’ வாரத்துக்கு நான்கு தடவை. புல்-அப் 35 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், தொடுமுனை 18 கிலோ ஓமில் நிற்கும்போது பின்னில் 1.7 வோல்ட். சிப் ‘அமுக்கியாச்சு’ என்று நம்புவது 1.5 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான்.

மருந்து: ஒவ்வொரு பின்னுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஸ்விட்ச்சுக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். இங்கே ஒருவர் குறுக்கே வரலாம்: அதே கணக்கை 1 கிலோ ஓமுக்குப் போட்டால் பின்னில் 4.7 வோல்ட் வருமே, இன்னும் மோசமாயிற்றே என்று. வந்திருக்க வேண்டும்தான், படலம் உண்மையான ரெசிஸ்டராக இருந்தால். அது உடையக்கூடிய தோல். மின்னோட்டம் கிடைத்தால் ஓர் இடத்தில் துளைத்துக்கொண்டு உலோகம் உலோகத்தோடு சேர்ந்துவிடும். 5 மில்லி ஆம்பியர் பெரிய தொகை இல்லை. ஆனால் தொட்ட கணத்தில் கெப்பாசிட்டர் தன்னிடமிருப்பதை மொத்தமாகக் கொட்டுகிறதே, அந்தக் கணநேர அடிதான் வேலையைச் செய்கிறது. அதனால் கெப்பாசிட்டரோடு தொடர் ரெசிஸ்டர் எதையும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தொடுமுனைகளைக் கான்டாக்ட் கிளீனர் நனைத்த விசிட்டிங் கார்டு துண்டால் ஒரு தரம் துடைத்தும் விட்டேன். நான்கு மாதமாகிறது, ஒரு தட்டும் தவறவில்லை. டியூப்லைட் போடும்போது எப்போதாவது பாட்டு தானாகக் குதித்துக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டது, கேட்காமலே கிடைத்த லாபம்.

கடைசியாக வந்த கோளாறு நாட்டியத்தின் கைங்கரியம். எங்கள் மாடி பழைய மெட்ராஸ் டெரஸ்; தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. பதினோரு பிள்ளைகள் சேர்ந்து தட்டடவு போட்டால் கீழே சமையலறையில் டம்ளர் அதிரும். பெட்டி அதே தரையில். நாட்டியாஞ்சலி விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வேகமான தீர்மானம் ஒன்றின் நடுவில் பெட்டி செத்துப்போனது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, ‘நில்’ கேட்கவில்லை. அக்கா எழுந்து ஓடினாள், பழைய மாதிரியே.

நானோவில் இருப்பது மினி யுஎஸ்பி. அதிர்ச்சியில் பிளக் ஒரு நூலளவு நழுவி, இணைப்பு அறுந்து மறுபடி சேர்ந்திருக்கிறது. என் நிரல் செத்துப்போன டிடிஒய்-யுஎஸ்பி-0-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே திரும்பி வந்த பெட்டிக்கு லினக்ஸ் டிடிஒய்-யுஎஸ்பி-1 என்று புதுப் பெயர் வைத்துவிட்டது. பெட்டி ஒரு வாசலில், நிரல் இன்னொரு வாசலில். எண்ணை நம்பாமல், சாதனத்தின் அடையாளப்படி லினக்ஸ் தானே உருவாக்கி வைக்கும் ‘சீரியல், பை-ஐடி’ கோப்புறைப் பெயரைத் திறக்கும்படி மாற்றினேன். இணைப்பு அறுந்தால் நிரல் போர்ட்டை விட்டுவிட்டு முடிந்துகொள்ளட்டும், லினக்ஸில் நிரல்களை ஓட்டிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி அதை ஒரு நொடியில் மறுபடி எழுப்பட்டும். வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கிச் செருகிச் சோதித்தேன்: மூன்று நான்கு நொடியில் ‘டொக்’ வந்துவிடுகிறது. பிளக்கைச் சுற்றி ஹாட் குளூ, கேபிளைப் பெட்டிச் சுவரோடு சேர்த்து ஒரு டை, அடியில் பழைய யோகா பாயில் வெட்டிய நுரைத்துண்டு. அதற்குப் பிறகு அந்த ‘டொக்’ வகுப்பின் நடுவில் கேட்டதில்லை.

முந்தாநாள் மறுபடி எண்ணினேன். வர்ண வகுப்பு, ஒன்றரை மணி நேரம், அக்கா எழுந்தது ஆறு முறை. அதில் நான்கு, யாரோ ஒரு பிள்ளையின் முழங்கையைத் தூக்கிப் பிடிக்க. அடுத்த வாரம் மிஸ்ர சாபுவில் ஒரு ஜதீஸ்வரம் எடுக்கப்போகிறாளாம். ஆவர்த்தனத்துக்கு ஏழு அட்சரம், விறுவிறுப்பான காலம், ஓர் ஆவர்த்தனம் முன்னால் விட்டால் பிள்ளைகளுக்கு மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. எத்தனை ஆவர்த்தனம் பின்னால் போக வேண்டும் என்பதையும் பாட்டுக்குப் பாட்டு மாற்றும்படி இன்னொரு வரி சேர்க்க வேண்டும். இரண்டா நான்கா என்று கேட்டேன். ‘ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்’ என்றாள்.